வெயில் ஊரில் சவர்டோ பிரெட்: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

சவர்டோ என்றால் கடை ஈஸ்ட் போடாமல், மாவும் தண்ணீரும் கலந்து தானாகப் புளிக்கவிட்ட ஸ்டார்ட்டரைக் கொண்டு எழுப்பும் பிரெட். அதன் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர் தேசத்துச் சமையலறைகளில் எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பம் என்றால் 21 முதல் 24 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில் நம் அடுப்படி சாதாரணமாக 32, 33 டிகிரியைத் தொடும். "இரவு முழுக்க அறை வெப்பத்தில் வைக்கவும்" என்று செய்முறை சொல்வதை அப்படியே கேட்டால், காலையில் பாத்திரத்தில் கூழ்தான் இருக்கும்.

இட்லிக்கு அரைக்கிற வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் எழும்பாத மாவு, சித்திரையில் சீக்கிரமே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். கடிகாரத்தைப் பார்த்து யாரும் இட்லி ஊற்றுவதில்லை, மாவைப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள். சவர்டோவுக்கும் அந்தக் கண்தான் வேண்டும். நம் ஊரில் பிரெட் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெப்பம்தான். அது ஸ்டார்ட்டரில் ஒரு மாதிரி, பிசைந்த மாவில் இன்னொரு மாதிரி வெளிப்படும்.

ஒரே அளவை வைத்துக்கொண்டு பேசுவோம். மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 330 கிராம், உப்பு 10 கிராம். ஸ்டார்ட்டர் கோடையில் 50 கிராம், மார்கழி, தை மாதங்களில் 100 கிராம். எல்லாம் தராசில் நிறுத்து எடுக்க வேண்டும். கப் கணக்கு இதற்கு ஒத்துவராது. மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் வேறு எடை. அந்த வித்தியாசமே மாவைக் கெட்டியாகவும் ஆக்கும், தண்ணியாகவும் ஆக்கும்.

முதல் வேலை: வெட்டிப் பார்ப்பது

பிரெட் சரியில்லை என்றதும் அடுத்த முறை தண்ணீரைக் குறைப்பது, ஸ்டார்ட்டரைக் கூட்டுவது என்று கைக்கு வந்ததை மாற்றுகிறோம். அதற்கு முன்னால் நன்றாக ஆறிய ரொட்டியை நடுவில் வெட்டி, அந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

புளிப்பு போதாத, அதாவது சுடுவதற்கு முன் மாவு போதுமான அளவு புளிக்காத ரொட்டியில் அங்கங்கே குகை மாதிரி பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி மற்ற இடமெல்லாம் அடர்த்தியாக, ஈரமாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். வெளியில் பார்த்தால் நன்றாக எழும்பியது போலவே தோன்றும். மேல்பக்கம் ஒரு இடத்தில் தாறுமாறாக வெடித்திருக்கும். பெரிய ஓட்டையைப் பார்த்து "அட, நல்லாத்தானே வந்திருக்கு" என்று ஏமாறுவது இங்கேதான். ஓட்டையின் அளவை விட, ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள பகுதி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

புளிப்பு மீறிய ரொட்டி தட்டையாகப் பரந்திருக்கும். கீறிய இடம் விரியாமல் வெறும் கோடாக நிற்கும். மேலோடு வெளுத்திருக்கும், ஏனென்றால் நிறம் கொடுக்க வேண்டிய சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் ஒரே சீராக இருக்கும், வாயில் வைத்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும்.

இரண்டும் இல்லாமல், ஓட்டைகள் எங்கும் பரவலாக இருந்து அடியில் மட்டும் ஈரமான ஒரு பட்டை ஓடினால் வேகாததோ சீக்கிரம் வெட்டியதோதான் காரணம். அதற்கு ஸ்டார்ட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

குழப்பம் வருவது எங்கே என்றால், தட்டையான ரொட்டி எல்லாம் புளிப்பு மீறியது என்று நினைப்பதில். புளிப்பு போதாத ரொட்டியும் தட்டையாக வரலாம், தண்ணீர் கூடினாலும் வரலாம், சரியாக உருட்டாவிட்டாலும் வரலாம். அதனால்தான் வெளி உருவத்தை வைத்து முடிவு செய்யாமல் வெட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்டார்ட்டர்: பாதி நோய் இங்கே

புதிதாக ஸ்டார்ட்டர் வளர்ப்பவர்கள் கை விடுவது மூன்றாம், நான்காம் நாளில். இரண்டாம் நாள் பாட்டில் பொங்கி வழியும். சந்தோஷமாக இருக்கும். அடுத்த நாள் ஒரு குமிழி கூட இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். உண்மையில் முதலில் பொங்கியது ஈஸ்ட் இல்லை, மாவில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்கள். லூகோனோஸ்டாக் அவற்றில் முக்கியமானது. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அந்த வகைதான். கலவை புளிக்கப் புளிக்க அந்த முதல் கூட்டம் அடங்கிவிடும். அமிலம் தாங்குகிற பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும் தலையெடுக்கச் சில நாள் ஆகும். இடைப்பட்ட அமைதிதான் அது. அந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் மாவு போடாமல் காத்திருந்தால் போதும். அடிக்கடி போட்டால் அமிலம் நீர்த்துப்போய் வேலை தாமதமாகும். முதல் இரண்டு நாள் தண்ணீருக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத அன்னாசிச் சாறு விட்டால் ஆரம்பத்திலேயே அமிலம் கிடைத்து, அந்த முதல் கூட்டத்தின் ஆட்டம் குறையும். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு அப்புறம் பிரெட்டில் சேர்ப்பது நல்லது.

இட்லி மாவையே ஸ்டார்ட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எனக்கு அது தேவையில்லாத சுற்று வழியாகத் தோன்றுகிறது. கோதுமை மாவும் தண்ணீரும் போதும்.

வளர்ந்த ஸ்டார்ட்டரில் நம் ஊருக்கே உரிய நோய் வேறு: பட்டினி. பழையது, மாவு, தண்ணீர் மூன்றும் சம எடையில், அதாவது 1:1:1 என்று கலந்து காலையில் வைத்தால், 31 டிகிரியில் அது மூன்று, நான்கு மணி நேரத்திலேயே உச்சிக்குப் போய்ச் சரிந்துவிடும். மறுநாள் காலை நீங்கள் பார்க்கும்போது இருபது மணி நேரமாக அது பட்டினி. மூடியைத் திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை அடித்தால், மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் இதுதான் விஷயம். அந்தத் தண்ணீரால் ஆபத்து ஒன்றும் இல்லை, சாராயம் கலந்த நீர், கொட்டிவிடலாம். ஆனால் அந்த ஸ்டார்ட்டரில் அமிலம் அளவு மீறி இருக்கும். அதைப் பிரெட்டில் போட்டால் குளூட்டன் வலை, அதாவது மாவைப் பிடித்து நிறுத்தும் கோதுமைப் புரதத்தின் வலை, அறுந்துபோகும். பிசையும்போது நன்றாக இருந்த மாவு மூன்று மணி நேரம் கழித்துக் கையில் சவ்வு மாதிரி ஒட்டி, இழுத்தால் நீளாமல் பிய்ந்தால், பெரும்பாலானோர் தண்ணீரைக் குறைப்பார்கள். குறைக்க வேண்டியது ஸ்டார்ட்டரின் புளிப்பு.

செய்ய வேண்டியது எளிது. பழையதைக் குறைத்து, தீனியைக் கூட்டுங்கள். 5 கிராம் பழைய ஸ்டார்ட்டர், 25 கிராம் மாவு, 25 கிராம் தண்ணீர் என்றால் 1:5:5. கோடையில் இதுவும் போதாவிட்டால் 3 கிராமுக்கு 30, 30. காலை ஒரு முறை, ராத்திரி ஒரு முறை, இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் வாடை மாறி, பழுத்த பழமும் தயிரும் கலந்த மணம் வரும். தினமும் பிரெட் செய்யாதவர்கள் தீனி போட்டு ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜில் தள்ளிவிடலாம், வாரம் ஒரு முறை எடுத்தால் போதும். செய்வதற்கு முந்தைய நாள் வெளியே எடுத்து இரண்டு தடவை தீனி போட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. தண்ணீரை மாவில் பாதியாகக் குறைத்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் ஸ்டார்ட்டர் வைத்தால் அது மெதுவாகப் புளிக்கும். மே மாதத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் எவ்வளவு எழும்பியது என்று தெரியும். இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து, மேல்பரப்பு மேடாக இருந்து தட்டையாகத் தொடங்கும் நேரம்தான் சேர்ப்பதற்குச் சரி. நடுவில் பள்ளம் விழுந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதை நான் நம்புவதில்லை. கோதுமை மாவு ஸ்டார்ட்டர் நன்றாக இருந்தும் மூழ்கும், எடுக்கும்போது கரண்டியால் அமுக்கிவிட்டாலும் மூழ்கும்.

இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கோடாகத் தெரிந்தால், பூஞ்சை பூத்தால், யோசிக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மேலே வழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள்.

மாவும் தண்ணீரும்

வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பிரெட் மாவில் புரதம் 12, 13 சதவீதம். நம் கடை மைதா பல நேரம் 10, 11 சதவீதம்தான். பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பாருங்கள். புரதம் குறைந்த மாவு 75, 80 சதவீதத் தண்ணீரைத் தாங்காது. அதனால்தான் நான் 66 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறேன், அதாவது 500 கிராமுக்கு 330. இது கைக்கு அடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் 10 கிராம் கூட்டிப் பாருங்கள். மாவு பரந்து ஓடத் தொடங்கும் இடம்தான் உங்கள் மாவின் எல்லை.

குளூட்டன் தூள் கிடைத்தால் இந்த அளவுக்கு 15 கிராம் சேர்க்கலாம். புரதம் ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும். தண்ணீரும் 15, 20 கிராம் கூடுதலாகக் கேட்கும். அதற்கு மேல் போட்டால் பிரெட் ரப்பராகிவிடும்.

முழுக்கச் சப்பாத்தி மாவில் செய்கிறேன் என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் சக்கியில் அரைபடும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் துகள்கள் நிறைய உடையும். அதனால்தான் அது நிறையத் தண்ணீர் குடித்துச் சப்பாத்தியை மிருதுவாக்குகிறது. பிரெட்டில் அதே குணம் எதிராக வேலை செய்யும். உடைந்த ஸ்டார்ச் சீக்கிரம் சர்க்கரையாகி, புளிப்பு வேகம் பிடிக்கும், உள்ளே பிசுபிசுக்கும். தவிடும் குளூட்டன் இழைகளை அறுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வரை மணத்துக்கும் சுவைக்கும் நல்லது. முழுக் கோதுமையில் செய்ய வேண்டுமென்றால் அச்சில் வைத்துச் சுடும் பிரெட்டாகச் செய்யுங்கள், தனியாக நிற்கும் உருண்டை ரொட்டியாக எதிர்பார்க்காதீர்கள்.

வெப்பத்தைக் கையில் எடுப்பது

நான் ஒரே ஒரு கருவி வாங்கச் சொல்வேன் என்றால் அது குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். பிசைந்து முடித்ததும் மாவு 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். அறையை நம்மால் குளிர்விக்க முடியாது, தண்ணீரை முடியும். சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது: வேண்டிய வெப்பத்தை இரண்டால் பெருக்கி, மாவின் வெப்பத்தைக் கழியுங்கள். 25 டிகிரி வேண்டும், மைதா 32 டிகிரியில் இருக்கிறது என்றால் 50இல் 32 போக, தண்ணீர் 18 டிகிரி. அறை இன்னும் சூடாக இருந்தால் இரண்டு, மூன்று டிகிரி குறைத்தே வையுங்கள், பிசைவதற்குள் ஏறிவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரில் கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலந்தால் இந்த வெப்பம் வந்துவிடும். மைதாவையே ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இன்னும் சுலபம்.

கலக்கும் வரிசை இது. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 30 நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் ஸ்டார்ட்டரையும் உப்பையும் சேர்த்துப் பிசையுங்கள். உப்பை மறந்தாலோ குறைத்தாலோ கோடையில் புளிப்பு கட்டுக்கடங்காமல் ஓடும், மாவும் தளர்ந்துவிடும். அதனால் 10 கிராமை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கொரு முறை, கையை நனைத்துக்கொண்டு ஒரு ஓரத்தை இழுத்து எதிர் ஓரத்தில் மடியுங்கள், நாலு பக்கமும். மூன்று, நான்கு தடவை செய்ததும் மாவு தளர்வு போய் உருண்டு நிற்கும்.

அடுத்தது முதல் புளிப்பு. எல்லோரும் தவறவிடும் கட்டம் இதுதான். "இரண்டு மடங்கு ஆகும் வரை" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அது குளிர்ந்த அறைக்குக் கூடப் பல நேரம் அதிகம். மாவு 24 டிகிரியில் இருந்தால் முக்கால் பங்கு உயரலாம். 27, 28 டிகிரியில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், மிஞ்சிப்போனால் பாதி. காரணம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்ததும் மாவு உடனே குளிர்ந்துவிடாது. ஒரு கிலோ உருண்டையின் நடுப்பகுதி குளிர மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். சூடான மாவு அந்த நேரமெல்லாம் உள்ளே புளித்துக்கொண்டேதான் இருக்கும். சரியாகப் பொங்கியதை ஃபிரிட்ஜில் வைத்தால் அது காலையில் மீறியிருக்கும்.

உயரத்தைக் கண்ணால் அளக்க உருண்டைப் பாத்திரம் உதவாது. பக்கங்கள் நேராக நிற்கும் கண்ணாடி ஜாரோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்கள். வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தயாரானால் மாவின் மேல்பரப்பு ஓரங்களில் வளைந்து இறங்கும், தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்காது. டப்பாவின் பக்கவாட்டில் மிளகு அளவுக்கும் கடலை அளவுக்கும் குமிழிகள் கலந்து தெரியும். டப்பாவை ஆட்டினால் மாவு மொத்தமாகத் தளதளவென்று ஆடும். மாவு தொட்ட விரலில் லேசாக ஒட்டும், ஆனால் இழையாக வராது. 28 டிகிரியில், 50 கிராம் ஸ்டார்ட்டருடன், இந்த நிலைக்கு வர நாலரையிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம். இந்த நேரத்தை எப்போது பார்க்கத் தொடங்குவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப வேகமாகப் போகிறது என்றால் டப்பாவை அகலமான பாத்திரத்தில் வைத்துச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டி போடுங்கள். மழை நாளிலோ ஊட்டி, கொடைக்கானல் குளிரிலோ எதிர்ப்பிரச்சினை வரும். அப்போது விளக்கு மட்டும் எரியும் மூடிய ஓவனுக்குள் வைக்கலாம், வெப்பம் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருட்டுவது, கூடை, ஃபிரிட்ஜ்

மாவை மேசைமேல் கவிழ்த்து, உங்கள் பக்கம் மெதுவாக இழுத்து உருட்டுங்கள். மேல்தோல் இறுக வேண்டும், கிழியக் கூடாது. உருட்டி 20 நிமிடம் விட்டுப் பார்க்கும்போது தோசை மாதிரி பரந்திருந்தால் மறுபடி ஒரு முறை உருட்டி விடுங்கள். இறுக்கமில்லாமல் விட்டதால்தான் ரொட்டி உயராமல் பக்கவாட்டில் ஓடுகிறது.

உருட்டிய மாவைப் போட்டு வைக்கக் கூடை வாங்கியே ஆக வேண்டியதில்லை. ஓட்டைப் பாத்திரத்தில் பழைய பருத்தி வேட்டித் துணியை விரித்தால் போதும். துணியில் மைதா தூவினால் ஈரத்தை இழுத்துப் பசையாகி ஒட்டிக்கொள்ளும். அரிசி மாவைத் தாராளமாகத் தேய்த்துவிடுங்கள், அதில் குளூட்டன் இல்லாததால் ஒட்டாது. இந்த ஒரு பொருளை மட்டும் மற்ற நாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள், நம் வீட்டில் டப்பா நிறைய இருக்கிறது.

ஃபிரிட்ஜில் எட்டிலிருந்து பதினான்கு மணி நேரம். 4 டிகிரி காட்டுகிறதா என்று ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்குக் கூடப் போகும், அதுவும் கதவுப் பக்கம். உள்ளே, பின்பக்கம் தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு. துணியால் மட்டும் மூடி வைத்தால் தோல் காய்ந்து கீறல் விரியாது, கூடையை ஒரு கவருக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கீறுவது

சவரம் செய்யும் பிளேடை ஒரு குச்சியில் கோத்துக்கொண்டால் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த மாவிலேயே கீற வேண்டும். பிளேடைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்து, அரை அங்குல ஆழத்துக்குத் தயங்காமல் ஒரே இழுப்பு. காது மாதிரி மடல் தூக்கவில்லை என்று நிறையப் பேர் பிளேடையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாவு மீறிப் புளித்திருந்தால் எந்தப் பிளேடு போட்டாலும் தூக்காது.

ஓடிஜியில் சுடுவது

நம் வீட்டு ஓடிஜியில், அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவனில், மூன்று குறை உண்டு. குமிழில் 230 என்று இருப்பது உள்ளே 200 ஆக இருக்கலாம். சூட்டுக் கம்பி ரொட்டிக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும். நீராவி நிற்காமல் கதவு இடுக்கில் ஓடிவிடும். முதல் குறைக்கு உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

மற்ற இரண்டுக்கும் மூடிதான் மருந்து. முதல் 20 நிமிடம் ரொட்டியிலிருந்து வரும் நீராவி அதைச் சுற்றியே நின்றால் மேல்தோல் ஈரமாக இருந்து விரிய இடம் கொடுக்கும். நீராவி போய்விட்டால் தோல் உடனே இறுகி, ரொட்டி பக்கவாட்டில் வெடிக்கும், நிறமும் மங்கலாக வரும். வார்ப்பிரும்புச் சட்டியும் அதற்கேற்ற கனமான மூடியும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓவன் தட்டில் ரொட்டியை வைத்து அதன்மேல் ஒரு எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்துவிடலாம். வாங்குவதற்கு முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், சின்ன ஓடிஜியில் கம்பியில் இடிக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதும் நான்ஸ்டிக் பூச்சு உள்ளதும் இந்தச் சூட்டுக்கு ஆகாது.

சட்டியோடு சேர்த்து ஓவனை 45 நிமிடம் முழுச் சூட்டில் காய வைக்க வேண்டும். மேல், கீழ் கம்பி இரண்டும் எரிய வேண்டும், விசிறியை நிறுத்திவிடுங்கள். ரொட்டியைப் பேக்கிங் தாளோடு தூக்கிச் சட்டியில் இறக்கி, மூடி, 230 டிகிரியில் 20 நிமிடம். அப்புறம் மூடியை எடுத்து 210 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். சட்டியைத் தொடும் துணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும்.

அடி கருகி மேலே வெளுத்திருந்தால் ரொட்டியை ஒரு படி மேலே தூக்கி வையுங்கள், கீழ்த்தட்டில் ஒரு வெறும் தட்டைப் போட்டுக் கம்பியின் நேர்ச்சூட்டை மறையுங்கள். பேக்கிங் தாளுக்கு அடியில் ஒரு கை ரவையோ அரிசியோ பரப்பினாலும் பலன் தெரியும். மேல் கருகி உள்ளே வேகாமல் இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் லேசாக மூடுங்கள். மேலோடு பாறை மாதிரி தடித்தால் குறைந்த சூட்டில் ரொம்ப நேரம் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறையுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் அடிப்பக்கமாகத் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். நடுவில் 96லிருந்து 99 டிகிரி இருந்தால் வெந்துவிட்டது. சுடும்போது கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். காய்ந்த இரும்புச் சட்டி கால் மணி நேரமாவது சூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆறுவதற்குள் வெட்டாதீர்கள்

உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது என்ற புகாரில் கணிசமானவை அவசரத்தில் வருபவை. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே ஸ்டார்ச் இறுகிக்கொண்டும் ஈரம் வெளியே நகர்ந்துகொண்டும் இருக்கும். கம்பி வலை மேல் வைத்து இரண்டு மணி நேரம், கோதுமை கூடுதலாக இருந்தால் நாலு மணி நேரம் விடுங்கள். தட்டையான மேசையில் வைத்தால் அடி வியர்த்து நமத்துப்போகும்.

வாயில் புளிப்பு போதவில்லை, அல்லது தாங்கவில்லை

சூடான, தண்ணியான மாவில் தயிர்ப்புளிப்பு வரும். குளிர்ந்த, கெட்டியான மாவில் வினிகர் போன்ற கூர்மையான புளிப்பு கூடும். கூடுதலாக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் நேரத்தை நீட்டி, கோதுமை மாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். தவிட்டிலுள்ள தாதுக்கள் அமிலத்தை ஈடுகட்டுவதால் பாக்டீரியாக்கள் அதிக நேரம் வேலை செய்யும். குறைய வேண்டுமென்றால் ஸ்டார்ட்டரை உச்சிக்குப் போகும் முன்பே, இளசாக இருக்கும்போது சேர்த்துவிடுங்கள்.

இதற்காகச் சான்பிரான்சிஸ்கோ ஸ்டார்ட்டர் என்று பணம் கொடுத்து வரவழைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஊர் ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவை 1971இல் கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். சான்பிரான்சிஸ்கோவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிற்பாடு அதே பாக்டீரியா இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஸ்டார்ட்டர்களில் இருப்பது தெரியவந்தது. 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு நான்கு கண்டங்களிலிருந்து 500 ஸ்டார்ட்டர்களைப் பரிசோதித்தது. எந்த ஊர் என்பது அதில் இருக்கும் நுண்ணுயிர்களைப் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை என்றுதான் அதிலும் வந்தது. எங்கிருந்து வந்த ஸ்டார்ட்டராக இருந்தாலும் அது உங்கள் சமையலறை வெப்பத்துக்கும் நீங்கள் போடும் தீனிக்கும் பழகத்தான் வேண்டும்.

வைத்திருப்பது

கடற்கரை ஊர்களில் மொறுமொறு மேலோடு அன்று சாயங்காலமே நமத்துவிடும். அது உங்கள் பிழை இல்லை, காற்றின் ஈரம். 200 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் திரும்ப வந்துவிடும். வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, மேலே துணி போட்டு வைத்தால் இரண்டு நாள் இருக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஆனி, ஆடியில் கூடச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பதுதான் மோசம், ஸ்டார்ச் அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகி ரொட்டி வறண்டுபோகும். மிச்சத்தை அன்றே துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவில் தாள் வைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்து நேராகத் தோசைக்கல்லில் நெய் தடவிப் போடலாம், உருக வைக்க வேண்டியதில்லை.